ஒப்புக்கொடுத்தல்: வேலூரில் ஒரு சொல்லின் வரலாறு

தன் வாழ்க்கையின் போக்கைக் கடவுளின் கையில் விட்டுவிடுவதைச் சொல்ல வேலூர் லாங் பஜாரில் பல சொற்கள் புழங்குகின்றன. காலையில் கடை திறப்பவர் ‘எல்லாம் அவன் செயல்’ என்று ஊதுபத்தி ஏற்றுவார். பக்கத்துக் கடைக்காரர் நாளைய சரக்கைப் பற்றிப் பேசும்போது ‘இன்ஷா அல்லாஹ்’ என்று முடிப்பார். ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வந்த கிறிஸ்தவர் ‘கர்த்தருடைய சித்தம்’ என்பார். எதுவும் கைகூடாதபோது மூவருக்கும் பொதுவாக ஒரு வாசகம் இருக்கிறது: ‘கடவுள் விட்ட வழி.’ சமய நூல்களின் மொழியில் இவை சரணாகதி, தவக்குல், ஒப்புக்கொடுத்தல் எனப்படும்.

இவற்றில் கடைசிச் சொல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கே உரியது. ஒப்புக்கொள்ள வாய் போதும், தலையசைப்பு போதும். ஒப்புக்கொடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அது கையை விட்டுப் போகவும் வேண்டும். அப்படிக் கையை விட்டுப் போனவை எவை, போன பிறகு என்ன நடந்தது என்பதை ஆண்டு வாரியாகப் பார்க்க முடிகிற ஊர் வேலூர். தமிழகத்தில் இப்படி வேறு ஊர்கள் அதிகம் இல்லை.

லாங் பஜார் பழைய வேலூரின் கடைத்தெரு. மணிக்கூண்டு, அருகே நேதாஜி மார்க்கெட், மண்டித் தெரு, தானியமும் மளிகையும் பூவும் பாத்திரமுமாக எப்போதும் நெரிசல். ஊருக்கு ஆதாரமான கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசின் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தாரைக் கம்பெனியார் இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் சுமார் 400 ஆண்டுகள் மூலவர் இல்லாமலே நின்றது. 1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊரார் கொண்டுவந்து வைத்தார்கள். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்ததால் வெளியே பேச்சுப் பரவாமல்தான் அந்த வேலை நடந்தது. ‘அவன் செயல்’ என்று நம்பியவர்கள் லாரியையும் ஏற்பாடு செய்தார்கள்.

தோல் வியாபாரத்திலும் இதே மனப்பாங்கு உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கமாக வளர்ந்த தொழில் அது. ஆவாரம்பட்டையில் பதமிட்ட தோல் சென்னையில் கப்பலேறும். விலை லண்டன் ஏலத்தில்தான் தெரியும். பதமிட்டவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. தவக்குல் என்ற சொல் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை பிரசங்கத்தோடு நின்றுவிடவில்லை, வியாபாரத்துக்கும் வேண்டியிருந்தது. ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவனை நம்பு என்ற பொருளில் வரும் நபிமொழியை இந்த வட்டாரத்து வியாபாரிகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் வேலூரில் தொடங்கிய அரபிக் கல்லூரியின் பெயர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத். ‘நிலைத்து நிற்கும் நற்செயல்கள்’ என்பது அதன் பொருள். தமிழ்நாட்டு ஆலிம்களில் பல தலைமுறையினர் அங்கே ஓதி வெளிவந்தவர்கள். நம்பிக்கையின் பெயரை வைக்காமல் செயலின் பெயரைக் கல்லூரிக்கு வைத்தது கவனிக்கத் தக்கது.

ஒப்புக்கொடுத்தலின் வேலூர் வரலாறு ஒரு குடும்பத்தில் தொடங்குகிறது. நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர், ஒரு நோயாளியின் வீட்டில் கண்ட சிறு பிரசுரத்தைப் படித்து மனம் மாறி 1819இல் இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமும் ஊழியமும் செய்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரி அவரே. 1836இல் சென்னைக்கு வந்தார். மகன்கள் 1853இல் ஆற்காட்டு மிஷனைத் தொடங்கினார்கள். நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் மிஷன் பணிக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு அழைப்பு என்பது தனியாகக் கேட்க வேண்டிய குரலாக இருக்காது. வீட்டில் எப்போதும் கேட்கும் பேச்சாக இருக்கும். அதனாலேயே ஒரு பிள்ளைக்கு அது பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

அந்தப் பிள்ளை ஐடா சோபியா ஸ்கடர். 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர்; முதல் ஜான் ஸ்கடரின் பேத்தி, ஐந்து அண்ணன்மாருக்குப் பின் வந்த ஒரே பெண். 1876-78 தாது வருஷப் பஞ்சம் அவருடைய குழந்தைப் பருவத்தில் வந்தது. கையேந்தி நின்ற குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டியதும், சாலையோரம் கிடந்த உடல்களும் அவர் நினைவில் தங்கிவிட்டன. அமெரிக்காவில் வளர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டில் பிரசங்கியார் மூடி நிறுவிய பெண்கள் பள்ளியில் படித்தார். மிஷனரியாக மட்டும் ஆக மாட்டேன் என்பது அவர் முடிவு. 1890இல் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தபோது திண்டிவனத்துக்கு வந்தார். தாயைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

அங்கே ஓர் இரவில் நடந்ததை வேலூரில் தெரியாதவர்கள் குறைவு. முதலில் ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். இளம் மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், மருத்துவச்சியால் முடியவில்லை, அம்மா வரவேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. ஆண் தொட்டுப் பார்ப்பதற்கு அவள் செத்துப்போவதே மேல் என்று வந்தவர் திரும்பிப் போனார். அடுத்து ஒரு முஸ்லிம், பிறகு மீண்டும் ஓர் உயர்சாதி இந்து. கோரிக்கையும் ஒன்று, மறுப்பும் ஒன்று. பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. விசாரித்து வர ஆள் அனுப்பியதில் மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது. அந்தக் காலையில் ஐடா பெற்றோரிடம் போய், அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு இங்கேயே வரப்போவதாகச் சொன்னார்.

இந்தக் கதை பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மேடைகளில் சொல்லப்பட்டது. நன்கொடை திரட்ட அதைவிட வலுவான கதை வேலூரிடம் இல்லை. அப்படிச் சொல்லப்பட்டதில் இரண்டு விஷயங்கள் மங்கிவிட்டன. ஒன்று, அந்த மூன்று பெண்கள். கதை ஐடாவின் பெயரோடு பயணம் செய்தது, அவர்கள் பெயரோடு செய்யவில்லை. மற்றொன்று, அந்த வீடுகளின் கதவைச் சாத்திவைத்தது விதியல்ல, வழக்கம் என்பது. சென்னை இதை முன்பே உணர்ந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது; அந்த முதல் அணியில் படித்த மேரி ஷார்லீப் 1885இல் கோஷாப் பெண்களுக்கும், அதாவது திரைமறைவில் வாழ்ந்தவர்களுக்கும், உயர்சாதிப் பெண்களுக்குமாக ஒரு மருத்துவமனையை உருவாக்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இருந்தாலும் பழையவர்கள் வாயில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். கடவுளின் திட்டம் ஒருத்திக்கு ஒரே இரவில் தெரிந்திருக்கலாம். தேவை எவ்வளவு என்பதைச் சென்னையின் பதிவேடுகள் முன்பே காட்டியிருந்தன.

ஐடா 1895இல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி நியூயார்க்கில் பெண்களுக்கும் இடம் கொடுத்துத் திறந்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். புறப்படும் முன் வேலூரில் ஒரு மருத்துவமனைக்காக 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. மிஷன் பெண்கள் சங்கத் தலைவி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையில் இருந்த அந்தத் தலைவியின் மைத்துனர், வங்கியாளர் ராபர்ட் ஷெல், கேட்டுவிட்டார். இறந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் தர முன்வந்தார். இதை ஐடா பிரார்த்தனைக்குக் கிடைத்த பதில் என்று எடுத்துக்கொண்டார். கதவு சரியாகச் சாத்தப்படாதது என்றும் சொல்லலாம். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இரண்டும் வேறு வேறு அல்ல.

1900 ஜனவரியில் தோழி ஆனி ஹான்காக்குடன் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையின் கீழ் இருந்து தொழில் பழகலாம் என்பது எண்ணம். அதே ஆண்டு மே மாதம் தந்தை இறந்தார். புதிய டாக்டரம்மாவை நம்பி வந்தவர்கள் ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள்தான். மிஷன் பங்களாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றுதான் டிஸ்பென்சரி. நோயாளிகள் திண்ணையில் காத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 5,000 பேருக்கு அங்கே சிகிச்சை நடந்தது. 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. ஆரணி ரோட்டில் இன்று கண் மருத்துவமனையாக இயங்கும் அதை ஊரார் ‘ஷெல் ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள்.

கோஷா வீடுகளுக்குள் பெண் மருத்துவர் போக முடிந்தது. ஆனால் ஒரு மருத்துவர் எத்தனை வீட்டுக்குப் போவார்? இந்தக் கேள்விதான் வேலூரின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானித்தது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் நன்கொடையாகக் கிடைத்த ஒரு பிரெஞ்சுக் கார், பெஷோ, குடியாத்தம் சாலையில் ஓடத் தொடங்கியது. அதுவரை மாட்டு வண்டியில் நாளெல்லாம் ஆன பயணம் அது. வண்டியைப் பேய் என்று பயந்து ஓடியவர்கள் பிறகு குறித்த மரத்தடியில் வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சீழ்க்கட்டி கீறுவது, பல் பிடுங்குவது, குஷ்டப்புண்ணுக்குக் கட்டுப்போடுவது எல்லாம் சாலையோரத்திலேயே நடந்தது. ‘ரோட்சைடு’ என்ற சொல் வேலூர் மருத்துவர்களின் பேச்சில் தனிப் பெயராகவே நிலைத்துவிட்டது.

அப்போதும் ஆள் போதவில்லை. பெண்களை மருத்துவர்களாகப் பயிற்றுவிக்கப் பள்ளி வேண்டும் என்று ஐடா கேட்டபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று மருத்துவத்துறை மேலதிகாரி சொன்னார். வந்தவை 151 விண்ணப்பங்கள். 1918 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். சொந்தக் கட்டடம் கிடையாது, வாடகை இடங்கள்தான். எல்.எம்.பி. என்ற பட்டயப் படிப்பு. 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் படித்து முடித்து வெளியே வந்தார்கள். அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையார் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக ஒரு பெரும் நிதித் திரட்டலை நடத்தினார். 20 லட்சம் டாலர் சேர்ந்தால் ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை 10 லட்சம் தரும் என்பது ஏற்பாடு. வேலூர் அந்த ஏழில் ஒன்று. தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனையும் பாகாயத்தில் மலையடிவாரக் கல்லூரி வளாகமும் அந்தப் பணத்தில் எழுந்தன. வளாகத்துக்குக் கல்லூரி வந்து சேர்ந்தது 1932இல். ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் தபாலில் சரியாக வந்து சேர்ந்தது என்பது அந்தக் காலத்துக் கதை.

ஒப்புக்கொடுத்தல் உண்மையில் சோதிக்கப்பட்டது திண்டிவனத்தில் அல்ல. இருபது வயதில் கைவிட்டது இன்னும் வாழாத ஒரு வாழ்க்கையை. அதில் இழப்பு கற்பனைக்கு உரியது. எழுபதை நெருங்கியபோது கேட்கப்பட்டது, வாழ்ந்து கட்டிய ஒன்றை.

1937இல் ராஜாஜி தலைமையில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்றது. எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, மருத்துவம் படிப்போர் அனைவரும் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டமே பெற வேண்டும் என்ற முடிவு அதன் காலத்தில் வந்தது. மருத்துவத்தின் தரத்துக்கு அது நியாயமான முடிவு. வேலூருக்கு அது சாவு ஓலை போலத் தெரிந்தது. பல்கலைக்கழக இணைப்புக்கு உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் பலர், கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள் எல்லாம் வேண்டும். பணம் இல்லை. கூடவே போரும் வந்தது. 1941இல் ஐடா மறுபடி அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார்.

இந்தியக் கிறிஸ்தவ சபைகளின் பொது மன்றம் நீண்ட நாளாக ஓர் இணைந்த மருத்துவக் கல்லூரியை விரும்பியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கல்லூரி. வேலூர் அதற்கு இசைந்தால் ஆண்களை ஆதரித்த சபைகளின் பணமும் ஆளும் கிடைக்கும். இசைந்தால், பெண்களுக்காகப் பெண்கள் நடத்தும் பள்ளி என்ற மூலக்கருத்து போய்விடும். திண்டிவனத்து இரவு கடவுளின் அழைப்பு என்றால், அந்த அழைப்பு பெண்களுக்காக வந்தது. நன்கொடை கொடுத்த அமெரிக்கப் பெண்களும் அதற்காகவே கொடுத்தார்கள். லூசி பீபாடி இந்த மாற்றத்தை முழு மூச்சாக எதிர்த்தார். இருபது ஆண்டுத் தோழமையில் விரிசல் விழுந்தது. அவர் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது: சேர்த்து வைத்தால் ஆண்களே இடத்தை நிரப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு உலகெங்கும் அன்று சான்றுகள் இருந்தன.

ஐடா இரு பக்கமும் இழுபட்டார். இறுதியில் கதவைத் திறப்பதன் பக்கம் நின்றார். இதை அடிபணிதல் என்று படிப்பவரும் உண்டு, காரியவாதம் என்று படிப்பவரும் உண்டு. ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லைக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டால் அது பொருந்துவது இந்த இடத்துக்குத்தான். கடவுளின் திட்டம் என்று ஐம்பது ஆண்டு நம்பியதை, அந்தத் திட்டத்தின் ஒரு வடிவம் மட்டுமே என்று ஏற்பதற்கு முதல் அழைப்புக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம் தேவைப்பட்டிருக்கும். 1942இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கிடைத்தது. 1946இல் ஐடா ஓய்வு பெற்றார். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநரானார். 1950இல் நிலையான இணைப்பு. 1960 மே மாதம் கோடைக்கானல் வீட்டில் ஐடா காலமானார். அப்போது வயது 89.

திறந்த கதவின் வழியே வந்தவர்களில் ஒருவர் ஆங்கில அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1946இல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவையை உருவாக்கினார். இந்த வட்டாரத்தில் குஷ்டம் பரவலாக இருந்தது. கைமுடங்கியவர்களுக்கு லாங் பஜாரிலும் வேறெங்கும் இருந்த தொழில் பிச்சை மட்டுமே. அந்த நோயும் ‘கர்மம்’, ‘கடவுள் விட்ட வழி’ என்ற கணக்கில்தான் எழுதப்பட்டிருந்தது. விரல் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாமல் படும் காயத்தால் என்று பிராண்ட் காட்டியபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது.

அவரோடு சேர்ந்த மற்றொருவர் கொச்சியிலிருந்து வந்த மேரி வர்கீஸ், வேலூரில் படித்தவர், மகப்பேறு மருத்துவத்தை நாடியவர். 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. முகத்திலும் தழும்பு விழுந்தது. கைகள் மட்டும் தப்பின. குஷ்டக் கைகளுக்கான அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி அறுவைக்கூடத்துக்குத் திரும்பினார். தன் சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனார். அங்கே கண்டதை ஒரு துறையாகக் கற்க நியூயார்க் போனார். 1960களின் தொடக்கத்தில் திரும்பி வந்து மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. இந்தியாவில் உள்நோயாளிகளை வைத்து இவ்வகைப் பயிற்சி தந்த முதல் நிலையம் அது. 1972இல் பத்மஸ்ரீ விருது. 1986இல் மறைவு.

மேரியின் கதையைத் தெய்வ சித்தம் என்று சொல்பவர்கள் வேலூரில் அதிகம். அப்படிச் சொல்லும்போது விபத்தும் சித்தத்தில் சேர்ந்துவிடுகிறது. இறையியலில் அது பழைய சிக்கல். பாகாயத்தில் அது வாதமாக வளரவில்லை. எழுந்து உட்காரவும், தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தையலோ மரவேலையோ பழகி ஊர் திரும்பவும் நாள்தோறும் பயிற்சி என்ற வடிவத்தையே அது எடுத்தது.

தோட்டப்பாளையத்து ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று வங்காள எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. மேற்கு வங்கம், வங்கதேசம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ வருபவர்கள் சமையல் வசதியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அறுவைக்குத் தேதி கிடைத்ததும், லாங் பஜாருக்குப் போய் அரிசியும் கடுகெண்ணெயும் ஒரு சின்ன அடுப்பும் வாங்கிவருவார்கள். கோட்டைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ ஆஸ்பத்திரிக்குள் உள்ள சிற்றாலயத்துக்கோ போய்விட்டு, மறுநாள் விடியும் முன்னரே எழுந்து ரத்தப் பரிசோதனை வரிசையில் நிற்பார்கள்.